வாய்ப் பற்றீரியா சீக்வென்சிங்: திருகோணமலைக்கு வரும் பொதியில் எதை வாங்கலாம், எதை விடலாம்

எச்சில் மாதிரியில் உள்ள பற்றீரியாக்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டுத் தருகிறோம் என்று விற்கப்படும் சேவைகளில், திருகோணமலையில் இருப்பவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரே வகைதான். கொழும்பு முகவர் குழாய்களைப் பொறுப்பெடுப்பார். அவை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் பறக்கும். சில வாரம் கழித்து ஒரு தரவிறக்க இணைப்பும் படங்கள் நிறைந்த அறிக்கையும் மின்னஞ்சலில் வரும். சீக்வென்சிங்கும் (டிஎன்ஏயின் எழுத்து வரிசையை வாசிப்பது) டேட்டா பகுப்பாய்வும் ஒரே பொதி, ஒரே விலை. வளாகத்து ஆய்வு மாணவரும் வைத்தியசாலைப் பல் வைத்தியரும் வாங்குவது இதைத்தான். நிறுவனப் பெயர் இங்கே வராது. பொதிக்குள் இருப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக மாறுவதுமில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சீக்வென்சிங் கொடுக்கிற காசுக்குத் தகும். பகுப்பாய்வு அறிக்கை தகாது. அறிக்கையை நீக்கி விலை கேட்டு, அதில் மிச்சம் பிடிக்கிற காசைச் சேகரிப்புக் குழாய்க்கும் சரிபார்க்க உதவும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கும் போடுங்கள்.

குழாயும் வழியும்

விலைமனுவில் சேகரிப்புக் குழாய் தனி வரியாக இருக்கும், சிலவேளை ‘விரும்பினால் மட்டும்’ என்ற குறிப்போடு. திருகோணமலைக்காரருக்கு இதில் விருப்பம் பார்க்க இடமில்லை. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கச்சான் வீசும் மாதங்களில் வெயில் 35 பாகையைத் தொடுகிற ஊர் இது. பஸ்ஸின் அடித்தட்டில் அடைத்த பெட்டிக்குள் அதற்கும் மேலே போகும். பதப்படுத்தும் திரவம் இல்லாத எச்சில் குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது. வேகமாகப் பெருகுகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போன்றவை பெருகும், ஒட்சிசன் ஆகாதவை பின்தங்கும். மூதூர்க்காரர் வாயில் இருந்ததோடு இரவு பஸ்ஸில் வளர்ந்ததும் சேர்ந்தே அறிக்கையில் வந்து நிற்கும்.

மீன்வாடிப் பக்கம் ஐஸ் தாராளமாகக் கிடைக்கிறதே என்று றெஜிபோம் பெட்டியில் போட்டு அனுப்பலாம்தான். ஆனால் அது உருகும்வரைக்கும்தான் 0 பாகை. கொழும்பில் பெட்டி ஓர் இரவு மேசையில் கிடந்தால் கதை முடிந்தது. ட்ரை ஐஸ் -78 பாகை கொடுக்கும். இங்கே அதைத் தேடிப் பிடிப்பது ஒரு பாடு, விமானத்தில் யுஎன் 1845 என்ற அபாயப் பொருள் இலக்கத்தோடு அனுப்புவது இன்னொரு பாடு. எதனோலில் போட்டால் தீப்பற்றும் திரவம் என்ற தலையிடி. ஓம்னிஜீன் ஓரல், டிஎன்ஏ/ஆர்என்ஏ ஷீல்ட் போன்ற திரவம் உள்ள குழாய் இந்த வில்லங்கங்களைக் குறைக்கும். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: தயாரிப்பாளர் சொல்லும் ‘அறை வெப்பம்’ ஏசி அறையின் வெப்பம். மத்தியான வானுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இதைவிட நல்ல வழி, டிஎன்ஏயை நாட்டுக்குள்ளேயே பிரித்தெடுத்து, பிரித்ததை மட்டும் வெளியே அனுப்புவது. டிஎன்ஏ கரைசலில் எதுவும் வளராது. பொதியிடலும் கூரியரும் இலகு. ஆனால் கரைசலாகப் போனாலும் எச்சிலாகப் போனாலும், மனித மாதிரி நாட்டை விட்டுப் போகிறது என்பது நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் எழுத்தில் இருக்கவேண்டும், பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். மாதிரி எல்லாம் எடுத்து முடித்த பிறகு இதைத் தேடத் தொடங்கினால் பெட்டி குளிரூட்டியிலேயே கிடக்கும்.

சேகரிப்பு நேரத்தில் அதிகம் பிழையாவது அளவுதான். 2 மில்லிலீற்றர் என்றால் நுரை சேராத 2 மில்லிலீற்றர். நுரையோடு கோடு வரை நிரம்பிய குழாய் சற்று நேரம் நின்றால் பாதிக்கு இறங்கும். திரவத்துக்கும் எச்சிலுக்கும் உள்ள விகிதம் அதோடு கெடும். காறித் துப்ப வைக்காமல், தலையைக் குனிந்து எச்சிலைத் தானாக வழிய விடச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் முன்பிருந்து சாப்பாடு, தேத்தண்ணி, பல் துலக்கல், வெற்றிலை ஒன்றும் கூடாது.

வெற்றிலை வாய்

இந்தப் பகுதியை எந்தச் சேவையின் கையேட்டிலும் காணமுடியாது. இங்குள்ள ஆய்வுகளோ இதைச் சுற்றித்தான் நடக்கின்றன. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பாக்கு மட்டுமே போதும், புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் முதல் வகுப்பில் சேர்த்தது. ஆக, வெற்றிலை போடுகிறவர், போடாதவர் என்று இரண்டு குழு பிரித்து ஒப்பிடுவதுதான் இங்கே வழக்கமான ஆய்வு வடிவம்.

வெற்றிலை போடுகிறவரின் குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கல் கரைத்த நிறம். சுழற்றி எடுத்தால் அடியில் பாக்குச் சிராய் படிந்திருக்கும். பிரித்து முடித்த டிஎன்ஏயும் நீர்போல் தெளிவாக வராது, வெளிறிய தேநீர் நிறம் காட்டும். பாக்கின் பொலிபினோல்கள் டிஎன்ஏயோடு ஒட்டிக்கொண்டு வந்ததன் அடையாளம் அது. ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோட்ரொப் கருவி இதை டிஎன்ஏ என்று நம்பி மைக்ரோலீற்றருக்கு 80 நானோகிராம் என்று காட்டக்கூடும். அதே துளியை, டிஎன்ஏயில் ஒட்டும் சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டில் வைத்தால் 9 என்று வரும். நம்பவேண்டியது கியூபிட்டை. நானோட்ரொப்பில் பார்க்கவேண்டியது மாசைக் காட்டும் 260/230 விகிதம்: 2க்குக் கிட்ட இருக்கவேண்டியது 1க்குக் கீழே விழுந்திருந்தால் பிசிஆர் (டிஎன்ஏயைப் பல மடங்கு பெருக்கும் படி) ஓடாது என்று எதிர்பாருங்கள். பிசிஆரை நடத்தும் பொலிமரேஸ் நொதியைப் பொலிபினோல் கட்டிப்போடும். சுண்ணாம்பின் கல்சியம், நொதிக்குத் தேவையான மக்னீசியத்தின் இடத்துக்குப் போட்டி போடும்.

இங்கேதான் சேவையின் தராதரம் தெரியவரும். ஒருவகை ஆய்வுகூடம் ‘தரப் பரிசோதனையில் தவறியது, புதிய மாதிரி அனுப்பவும்’ என்று ஒரு வரி எழுதி, மறுபரிசோதனைக்குக் கட்டணமும் கேட்கும். இன்னொரு வகை டிஎன்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கும். ஐதாக்கியதும் பட்டை (பிசிஆர் ஓடியதைக் காட்டும் கோடு) வந்தால், குறை டிஎன்ஏயில் இல்லை, தடுக்கும் பொருளில் இருக்கிறது. பிசிஆர் கலவையில் மாட்டு சீரம் அல்புமின் கொஞ்சம் சேர்த்தாலும் அநேகமாகச் சரிவரும். ‘தவறியது என்று எழுதுமுன் ஐதாக்கி ஓட்டுவீர்களா’ என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்தல்? தவறும் மாதிரிகள் சீட்டுக் குலுக்கியது போல் அங்கொன்று இங்கொன்றாக விழுவதில்லை. வெற்றிலைக் குழுவில்தான் விழும், அதிலும் அதிகமாகப் போடுகிறவர்களிடம். அவர்களைத் தவறவிட்ட ஆய்வில் மிஞ்சுவது எப்போதாவது ஒரு வாய் போடுகிறவர்கள். பிறகு இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தால் அதில் வியப்பில்லை.

பிரித்தெடுக்கும் கிட்டைப் பொறுத்தவரை, மண் மாதிரிக்கென்று செய்த பவர்சொயில் ப்ரோ வகை இங்கே நன்றாக வேலை செய்யும். மண்ணின் ஹியூமிக் அமிலத்தைக் களைய வைத்த படி பாக்கின் சாயத்தையும் களையும். அதில் சிறு மணிகள் போட்டுக் கலங்களை இடிக்கும் படியும் இருக்கிறது. அது இல்லாத முறை எதையும் ஏற்கவேண்டாம். தடித்த சுவர் கொண்ட அக்டினோமைசிஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போன்றவை இடிக்காமல் உடையாது; உடையாதவை எண்ணிக்கையில் வராது.

வெற்றுக் குழாய்க்கும் காசு

60 பேரின் மாதிரி என்றால் 64 ஆக ஓடர் செய்யுங்கள். எச்சிலே போடாமல் முழுப் படிமுறைக்கும் உட்படுத்திய வெற்றுக் குழாய் 2, பிசிஆர் வெற்று 1, எந்தப் பற்றீரியா எவ்வளவு என்று முன்பே தெரிந்த கலவை, அதாவது அளவு தெரிந்த மாதிரி 1. வெற்றுக் குழாய்க்கும் முழுக் கட்டணம் அறவிடுவார்கள். வயிறு எரியும், ஆனாலும் கட்டுங்கள். கிட்டிலும் நீரிலும் ரல்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ் என்று வழக்கமாகத் தலைகாட்டும் அழையா விருந்தாளிகள் உண்டு. எச்சிலில் பற்றீரியா ஏராளம் என்பதால் அங்கே இவை அமுங்கிப்போகும். கன்னத்து உட்புறத்தை ஒற்றியெடுத்த பஞ்சிலும் திசுத் துண்டிலும் அமுங்காது, கண்டுபிடிப்பு என்ற வேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெற்றுக் குழாயின் தரவு கையில் இருந்தால் டீகொண்டாம் என்ற கணினி நிரல் (ஆர் மொழியில்) இவற்றைச் சலித்துத் தரும். இல்லாவிட்டால் ஊகம்தான்.

அளவு தெரிந்த மாதிரிக்கு ஸைமோபயோமிக்ஸ் பலரும் பாவிப்பது: 8 பற்றீரியா, 2 மதுவம். 16எஸ் முறையில், அதாவது பற்றீரியாக்களின் 16எஸ் மரபணுவை மட்டும் வாசித்து இனம் காணும் முறையில், எட்டுத்தான் தெரியும். அந்த எட்டில் ஐந்து ‘கிராம் நேர்’ வகை (தடித்த சுவர்), மூன்று ‘கிராம் எதிர்’ வகை (மெல்லிய சுவர்). ஐந்தும் சேர்ந்து குறைவாக வந்தால் இடித்தது போதவில்லை. இதற்கு முழுக் கலங்களாக விற்கும் புட்டி வேண்டும். பிரித்த டிஎன்ஏயாக விற்பதை வாங்கினால் பிரித்தெடுப்பைச் சோதிக்கவே முடியாது. இரண்டும் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், ஓடர் செய்யும்போது மாறிப்போகும்.

மாதிரிகளை ஆய்வுகூடத் தட்டில் (பல மாதிரிகளை ஒன்றாக ஓட்டும் குழித் தட்டு) வைக்கும் ஒழுங்கும் உங்கள் கையில். நோயாளர் எல்லாம் முதல் தட்டு, மற்றவர் இரண்டாம் தட்டு என்று அனுப்பினால், தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாட்டை நோயின் வேறுபாடாக வாசிப்பீர்கள். குலுக்கிப் போட்டு அனுப்புங்கள்.

எந்தத் துண்டு?

16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். இனத்துக்கு இனம் மாறுபடும் பகுதி ஒன்பது, வி1 முதல் வி9 வரை. விலைமனு எதையும் கேட்காமல் ‘வி3–வி4’ என்று எழுதிவிடும். குடல் ஆய்வுப் பழக்கம் அது. வாய்க்கு வி1–வி3 அல்லது வி1–வி2 தான் இனங்களைக் கூடுதலாகப் பிரித்துக் காட்டும், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கூட்டத்தை. கேட்டால் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் செய்துகொடுக்கும். ஒரு எச்சரிக்கை: வி1இல் தொடங்கும் 27எஃப் என்ற பழைய பிரைமர் (பெருக்கவேண்டிய துண்டின் முனையில் ஒட்டும் சிறு டிஎன்ஏ) பிபிடோபற்றீரியக் குடும்பத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. சிறுபிள்ளைகளின் பற்சொத்தை ஆய்வென்றால் அந்தக் குடும்பத்து ஸ்கார்டோவியாதான் தேவைப்படுவது. அப்படியானால் திருத்திய பிரைமர் கலவையைக் கேளுங்கள், அல்லது வி3–வி4 உடனேயே இருங்கள்.

அடுத்தது கருவி. முன்பு மைசெக்கில் இரு பக்கமும் 300 எழுத்து வாசித்தார்கள். இப்போது பல இடங்களில் நோவாசெக்கில் இரு பக்கமும் 250. மலிவு, ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வி3–வி4க்கான 341எஃப், 805ஆர் பிரைமர்கள் தரும் துண்டு, பிரைமரோடு ஏறத்தாழ 460. பிரைமர்கள் 17உம் 21உம் போனால் 422 அளவில் நிற்கும், இனத்துக்கு இனம் கொஞ்சம் கூடும் குறையும். 250 வாசிப்புகளிலிருந்து அதே பிரைமரைக் கழித்தால் 233உம் 229உம், கூட்டினால் 462. ஒன்றன்மேல் ஒன்று படிய மிஞ்சுவது 40. பிழை களைந்து வாசிப்புகளை ஒட்டும் டாடா2 நிரலுக்குக் குறைந்தது 12 படியவேண்டும். ஆக, தரம் குறைந்த வாலை வெட்ட இரு பக்கமும் சேர்த்து உங்களுக்கு இருப்பது 28 எழுத்துத்தான். துண்டு நீளமான இனங்களுக்கு அதுவும் இல்லை. யாரோ பழைய பழக்கத்தில் 220, 180 என்று வெட்டினால் கூட்டுத்தொகை 400, வாசிப்புகள் ஒட்டவே ஒட்டாது. வி1–வி3 துண்டு ஏறத்தாழ 500. இரு பக்கம் 250இல் அதற்கு இடமேயில்லை. வி1–வி2 துண்டு 350க்குள் அடங்கும், தாராளமாக ஒட்டும். நோவாசெக் என்றால் வி1–வி2 என்பது என் தெரிவு.

நோவாசெக் தர மதிப்பெண்ணை நாலே படியாகச் சுருக்கித் தரும் என்பதையும் மனதில் வையுங்கள். டாடா2 பிழையைக் கற்றுக்கொள்வது அந்த மதிப்பெண்ணிலிருந்து. வரைபடத்தில் பிழைக் கோடு சீராக இறங்காமல் இடையில் குழி விழுந்திருந்தால் காரணம் இதுதான். மாதிரியில் கோளாறு தேடவேண்டாம். எந்த வாசிப்பு எந்த மாதிரியுடையது என்று காட்டும் குறியீட்டு வரிசை இரு முனையிலும் தனித்துவமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையேல் பக்கத்து மாதிரியின் வாசிப்பு உங்கள் மாதிரிக்குள் குதித்துவிடும்.

அறிக்கை

அச்சிட்டால் கனமாக இருக்கும். வட்ட வரைபடம், வெப்ப வரைபடம், வென் வட்டங்கள், முப்பரிமாணப் புள்ளிகள், பிக்ரஸ்ட்2 நிரல் ஊகித்த வளர்சிதைப் பாதைகள். முதலில் தேடவேண்டியது பெரும்பாலும் இருக்காது: ஒவ்வொரு படியிலும் எத்தனை வாசிப்பு எஞ்சியது என்ற அட்டவணை. கேட்டு வாங்குங்கள், மறுக்கமாட்டார்கள். உதாரணத்துக்கு ஒரு வரி இப்படி இருக்கலாம்: தொடக்கம் 80,000, தரச் சல்லடைக்குப் பின் 71,000, ஒட்டிய பின் 9,000, கலப்பு வரிசை (பிசிஆரில் இரண்டு துண்டுகள் ஒட்டி உண்டான போலி) நீக்கிய பின் 8,200. 71,000 எங்கே 9,000 ஆனதோ அங்கே மேலே சொன்ன வெட்டுக் கணக்குத் தவறியிருக்கிறது. அப்படியில்லாமல் ஒட்டுவது நன்றாக நடந்து, கடைசிப் படியில் பாதி போயிருந்தால் பிரைமரை நீக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டையும் மூலக் கோப்பு இருந்தால் ஒரு பின்னேரத்தில் திருத்தலாம்.

அடுத்தது பெயர் வைத்த தரவுத்தளம். 2013ஆம் ஆண்டுக் கிரீன்ஜீன்ஸ் என்று இருந்தால் அறிக்கையை மூடிவைக்கலாம். சில்வா பரவாயில்லை. வாய்க்கென்றே உள்ளது ஈஹோம்டி, விரிவாக்கிய மனித வாய் நுண்ணுயிர்த் தரவுத்தளம். இலவசம், 700க்கு மேற்பட்ட இனங்கள், இன்னும் முறையான பெயர் வைக்காதவைக்கும் இலக்கம் உண்டு. பொதி அறிக்கையில் இதைக் காண்பது அரிது. அளவில் சிறியது என்பதால் 16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியிலேயே கைம் 2 என்ற பகுப்பாய்வு நிரல் வழியாக ஓடும்.

இன மட்டத்தில் வரும் எல்லாப் பெயரையும் நம்பவேண்டாம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மிட்டிஸ், ஓராலிஸ், நியூமோனியே மூன்றும் 16எஸ்ஸில் ஏறக்குறைய ஒரே முகம். நல்ல சுகமான வாயில் நியூமோனியே 20 சதவீதம் என்று அறிக்கை சொன்னால் அது அநேகமாக மிட்டிஸ். அதேவேளை முரசு நோய் ஆய்வில் தேடும் சிவப்புக் கூட்டணி, அதாவது போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டனெரெல்லா போர்சைதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா, இவற்றை இந்த முறை நன்றாகவே காட்டும்.

புள்ளிவிவரப் பகுதியில் குழுக்களுக்கிடையே வேறுபடும் பற்றீரியாக்களைக் காட்டும் லெப்சே வரைபடம் கட்டாயம் இருக்கும். வயது, புகை, நீரிழிவு, எஞ்சிய பற்களின் எண்ணிக்கை எதையும் அதன் வழக்கமான ஓட்டம் கணக்கில் எடுக்காது. வெற்றிலை போடுகிறவர்கள் வயதில் மூத்தவர்களாகவும் பல் குறைந்தவர்களாகவும் இருப்பார்கள் என்றால், அந்த அழகான பச்சை–சிவப்புப் பட்டைகள் எதைக் காட்டுகின்றன என்று எவராலும் சொல்ல முடியாது. ஆங்கொம்-பிசி, மாஸ்லின்2 போன்ற நிரல்களில் இந்த மாறிகளைச் சேர்க்கலாம். அதற்கு அந்த விவரங்களை நீங்கள் சேகரித்திருக்கவேண்டும். சேவையின் படிவத்தில் ‘குழு’ என்று ஒரே கட்டம்தான் இருக்கும். பிக்ரஸ்ட்2 படங்களை ஆய்வேட்டில் சேர்க்காமல் விட்டால் ஒரு நட்டமும் இல்லை.

மற்றத் தெரிவுகள்

மாதிரியில் உள்ள டிஎன்ஏ எல்லாவற்றையும் வாசிக்கும் முழுமரபணுச் சீக்வென்சிங்கையும் விற்கப் பார்ப்பார்கள். எச்சிலில் பத்து வாசிப்பில் எட்டு, ஒன்பது மனிதருடையதாகவே இருக்கும். 10 கிகா எழுத்து வாங்கினால் பற்றீரியாவுக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. மனித டிஎன்ஏயை முன்கூட்டியே களையும் படி உண்டு. ஆனால் அது முழுதான கலங்களில்தான் செல்லும், பதப்படுத்தும் திரவம் கலங்களை உடைத்த பிறகு சரிவராது. இன்னொன்று: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. அந்தக் கோப்பில் ஆளின் மரபணுவும் இருக்கிறது, அதைப் பொதுத் தளத்தில் அப்படியே ஏற்றக்கூடாது.

நானோபோர் மின்அயன் சின்னக் கருவி, 16எஸ்ஸை முழு நீளத்துக்கும் வாசிக்கும். நாட்டுக்குள் செய்துகொடுக்க ஆள் கிடைத்தால் 20, 30 மாதிரிக்கு நல்ல தெரிவு. புளோ செல் என்ற அதன் வாசிப்புத் தகட்டைக் குளிரில் வைத்திருக்கவேண்டும் என்பதுதான் இங்கே இடறும் இடம்.

தரவை மட்டும் பகுப்பாய்ந்து தரும் ஆட்களிடம் ஒரே கேள்வி: ஓட்டிய நிரல் வரிகளைத் தருவீர்களா? தரமாட்டோம் என்றால் வேண்டாம்.

விலை டொலரில். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது, மானியம் ரூபாயில் வாங்கியிருந்த ஆய்வுகளுக்கு அதே காசில் ஏறத்தாழ பாதி மாதிரிதான் கட்டுப்படியானது. விலைமனுவின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். வளாகக் கொள்வனவுக் குழு அதற்குள் கூடுமா என்றும் பாருங்கள்.

ஓடர் கடிதத்தில்

மூலப் பாஸ்ட்கியூ கோப்புகள் (வாசித்த எழுத்துகள் உள்ளவை) பிரைமரோடு, வெட்டாமல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எம்டி5 சரிபார்ப்பு எண் வேண்டும். 64 மாதிரி 16எஸ் என்றால் மொத்தம் இரண்டு, மூன்று ஜிபிதான். இரவில் இறக்கி, எண்ணைச் சரிபார்த்து, இரண்டு இடத்தில் வையுங்கள். இணைப்பு காலாவதியாகும். மாதிரிப் பெயரில் தமிழெழுத்து, இடைவெளி, குறுக்குக் கோடு எதுவும் வேண்டாம். 05-01 என்று எழுதிய குழாயை எக்செல் மே மாதம் 1ஆம் திகதி அல்லது சனவரி 5 ஆக்கிவிடும். பிறகு எந்த வாய் யாருடையது என்று தேடவேண்டியதுதான்.

மீதி டிஎன்ஏயை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், திருப்பி அனுப்பக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருப்பி எடுத்தால் ஒரே பெட்டியில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து இரண்டு குளிரூட்டியில் வையுங்கள். மாரியில் கரண்ட் போய் வரும்போது, எந்தக் குளிரூட்டி எத்தனை மணித்தியாலம் நின்றது என்று எவரும் எழுதிவைப்பதில்லை.